பாலத்தில் முறிந்த தூண்டில் றொட்: ஒட்டினால் நிற்குமா?

தம்பி கேட்டது இதுதான். மட்டக்களப்பு கல்லடிப் பழைய பாலத்தில் இரவு தூண்டில் போடப் போயிருக்கிறார். நள்ளிரவு தாண்டி ஒரு கொடுவா கொத்தியிருக்கிறது, மூன்று கிலோ வரும் என்கிறார். பாலத்தின் அடிவரை களைக்க வைத்துக் கொண்டுவந்தாயிற்று. மேலே தூக்கும்போது 7 அடி கார்பன் றொட் நுனியிலிருந்து ஒன்றரை அடியில் படாரென்று முறிந்து, மீனும் போய்விட்டது. றொட் மட்டமான சாமானா, ஒட்டினால் நிற்குமா, அந்தப் பாலத்தில் இரவில் எந்த நேரம் நின்றால் மீன் கிடைக்கும் என்று மூன்று கேள்வி.

முதல் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன், உங்கள் றொட்டில் பிழை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அது முறிந்த இடமே காரணத்தைச் சொல்கிறது. கரையில் நின்று பிடிக்கும்போது மீன் தூரத்தில் இருக்கும், லைன் தண்ணீரோடு சாய்வாகப் போகும், கைப்பிடிக்கும் லைனுக்கும் இடையே கிட்டத்தட்ட செங்கோணம் விழும். அப்போது றொட் நுனியிலிருந்து நடு, நடுவிலிருந்து அடி என்று ஒரே வளைவாக வளைந்து சுமையை முழு உடம்பாலும் வாங்கிக்கொள்ளும். பாலத்தில் கதை வேறு. மீன் உங்கள் காலடிக்குக் கீழே நிற்கிறது, லைன் நெட்டாகக் கீழே போகிறது. அந்த நேரத்தில் மனம் பதறி றொட்டை வானத்தைப் பார்க்க நிமிர்த்தினால் அடிப்பகுதி கொஞ்சமும் வளையாது, நுனி மட்டும் தலைகீழாக மடங்கும். மடங்குகிற அந்த ஒன்றரை அடியில் குழாயின் தடிப்பு 4 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். தண்ணீருக்குள் இருக்கும் மட்டும் மீனுக்கு எடையே இல்லாத மாதிரித்தான், அதன் இழுப்பு மட்டும்தான் கைக்குத் தெரியும். தண்ணீரை விட்டு வெளியே வந்த கணமே மூன்று கிலோவும், அது உதறுகிற உதறலும் சேர்ந்து அந்த 4 மில்லிமீட்டரில் தொங்குகிறது. எந்தப் பெரிய கம்பனியின் றொட்டும் அப்படி முறியும், விலை உயர்ந்த கார்பன் இன்னும் சுலபமாக முறியும், ஏனென்றால் அதன் சுவர் இன்னும் மெல்லியது.

ஆகவே பாலத்தில் றொட்டால் மீனைத் தூக்கக் கூடாது. றொட்டின் வேலை மீனைக் களைக்க வைத்து அடிக்குக் கொண்டுவருவதோடு முடிந்தது. தூக்குவதற்கு வலை வேண்டும். பழைய சைக்கிள் றிம் ஒன்று எடுங்கள், கம்பிகளைக் கழற்றிவிட்டு அதில் ஒரு துண்டு வலையைத் தொட்டில் மாதிரி தொங்கலாகக் கட்டுங்கள், றிம்மின் நான்கு பக்கத்திலும் நான்கு கயிறு கட்டி மேலே ஒன்றாக முடிந்து, அதிலிருந்து பாலத்து உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு நைலோன் கயிறு விடுங்கள். வலையின் அடியில் ஒரு சின்ன ஈயம் கட்டினால் நீரோட்டத்தில் மிதக்காமல் நிற்கும். ஒருவர் வலையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் மீனை வலைக்கு மேலே நடத்தி வர வேண்டும், பிறகு வலையை நேராக மேலே தூக்கினால் மீன் உள்ளே இருக்கும். மீனைத் துரத்திக்கொண்டு வலையை அசைக்காதீர்கள், வலை றிம் லைனில் பட்டால் அங்கேயே போச்சு. தனியாகப் போகிறவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. பாலத்தில் நிற்கிற ஆக்கள் இந்த விசயத்தில் தங்கமானவர்கள், தங்கள் லைனைச் சுற்றி வைத்துவிட்டு ஓடி வருவார்கள்.

வலை இல்லாத நேரத்தில் மீன் சிறிதாக இருந்தால், றொட்டைக் கீழே சாய்த்து நுனியை மீனை நோக்கிக் காட்டிவிட்டு, கையுறை போட்ட கையால் லைனைப் பிடித்து இழுத்து எடுக்கலாம். லைனைக் கையில் சுற்றாதீர்கள், எப்போதும் சுற்றாதீர்கள். தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) விரலை வெட்டி எலும்பு வரை போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். கார்பன் றொட் வளைந்து முறிவதை விட, முன்பு எப்போதோ பட்ட அடியால் முறிவதுதான் கூட. ஈயத்தைத் தொங்கவிட்டபடி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் அது வழி நெடுக றொட்டில் தட்டிக்கொண்டே வரும். பாலத்து இரும்புக் கம்பியில் சாத்தி வைத்தால் ஒவ்வொரு அசைவுக்கும் உரசும். வெளியே ஒரு சின்னக் கீறல்தான் தெரியும், உள்ளே நார் அறுந்திருக்கும், மூன்று மாதம் கழித்து நல்ல மீன் வருகிற அன்று அந்த இடத்தில்தான் விடும். கம்பியில் சாத்துவதென்றால் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கம்பியில் சுற்றிவிட்டுச் சாத்துங்கள். என்னைக் கேட்டால் பாலத்துக்கு கார்பனே வேண்டாம், கிளாஸ் பைபர் றொட் போதும். பாரம் கொஞ்சம் கூட, வீசுகிற தூரம் கொஞ்சம் குறைவு, ஆனால் பாலத்தில் யார் தூரம் வீசுகிறார்கள், மீன் தூணடியில்தானே நிற்கிறது.

சரி, ஒட்டுகிற கதைக்கு வருவோம். நிற்குமா என்றால் நிற்கும், சரியாகச் செய்தால் பல வருசம் நிற்கும். ஆனால் பலர் செய்கிற விதம் இரண்டாம் நாளே விடும், அதன் காரணத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும். முறிந்த றொட்டுக்குள் சைக்கிள் கம்பியோ இரும்பு ஆணியோ சொருகி சுப்பர் குளூ விட்டு மேலே இன்சுலேஷன் டேப் சுற்றுவார்கள். கையில் பிடித்துப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும். அங்கேதான் பிரச்சினை. றொட் வளைய வேண்டிய ஒரு சாமான், அதன் நடுவில் வளையாத துண்டு ஒன்றை வைத்தால் வளைவு முழுவதும் அந்தத் துண்டு முடிகிற இடத்தில் வந்து குவியும். கம்பி முடிகிற அதே இடத்தில் றொட் திரும்ப முறியும், இந்த முறை கம்பி உள்ளேயிருந்து குழாயைப் பிளந்துகொண்டு வரும், பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே உள்ளே போகிற துண்டும் வெளியே போடுகிற உறையும் றொட் எந்தச் சாதியோ அந்தச் சாதியாக, நாராலானதாக இருக்க வேண்டும், அவை இரண்டும் ஒரே இடத்தில் முடியக் கூடாது, முனைகள் மெல்லிதாகச் சரிந்து போக வேண்டும்.

தேவையான சாமான்: குப்பையில் போடுகிற நிலையில் உள்ள பழைய றொட் ஒன்று, இரண்டு பகுதியாகக் கலக்கிற அரால்டைட் எபொக்சிப் பசை (மெதுவாக இறுகும் வகை, ஐந்து நிமிட வகை வேண்டாம், அது இறுகிய பிறகும் பலம் குறைவு, ஈரத்துக்கும் அவ்வளவு தாங்காது), மெல்லிய பல்லுள்ள ஆக்சோ பிளேட், சாண்ட்பேப்பர், சர்ஜிக்கல் ஸ்பிரிட், பொலியஸ்டர் தையல் நூல், மாஸ்கிங் டேப். இதில் பழைய றொட்தான் முக்கியம். மலிவான கிளாஸ் பைபர் றொட்டுகளின் நுனிப்பகுதி உள்ளே ஓட்டை இல்லாமல் திண்மமாக இருக்கும், அதிலிருந்து உள்துண்டு எடுக்கலாம். ஓட்டையுள்ள இன்னொரு றொட்டிலிருந்து வெளியுறை எடுக்கலாம். மீன்பிடிச் சாமான் கடையில் கேட்டால் முறிந்த றொட் ஒன்றிரண்டு மூலையில் கிடக்கும், சும்மாவே தருவார்கள்.

முதலில் முறிந்த இரண்டு முனையையும் பாருங்கள். நார் நாராகக் கிழிந்திருக்கும். முறிவிலிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், குழாய் அமுங்கினால் நெடுக்காக வெடிப்பு ஓடியிருக்கிறது, அது முடிகிற இடம் வரை வெட்டி எடுக்க வேண்டியதுதான். வெட்டப்போகிற இடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுக்கிச் சுற்றி, டேப்புக்கு மேலாகவே, றொட்டை உருட்டி உருட்டி மெதுவாக வெட்டுங்கள். கத்தரி, குறடு பக்கம் போகாதீர்கள், அவை குழாயை நசுக்கிவிடும். கார்பன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, சிராம்பு தோலில் ஏறினால் எடுப்பதும் கஷ்டம், ஆகவே முகத்தை மூடிக்கொண்டு, சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் குறையும், அது ஒரு நட்டமே இல்லை.

அடுத்தது பலர் மறக்கிற வேலை. வெளியுறையை நுனிப்பக்கத்திலிருந்துதான் ஏற்ற முடியும், ஏனென்றால் றொட் நுனிக்குப் போகப்போக மெலிகிறது. உறைக்கும் ஒரு தடித்த வாய், ஒரு மெல்லிய வாய் உண்டு. தடித்த வாய் முன்னால் போக, நுனியிலிருந்து அடிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் முறிவுக்கு மேல் இறுக்கமாக வந்து உட்கார வேண்டும். அதற்கு லைன் ஓடுகிற நுனி வளையத்தையும், முறிந்த துண்டில் இருக்கிற மற்ற வளையங்களையும் முதலில் கழற்ற வேண்டும். வளையத்தின் காலை மூடியிருக்கும் நூலை, அந்த உலோகக் காலுக்கு மேலே வைத்துச் சவரப் பிளேட்டால் சீவி எடுங்கள். றொட்டின் மேல் பிளேட் படக் கூடாது. நுனி வளையம் பசையில் இருக்கும், லைட்டரை உலோகத்தில் இரண்டு விநாடி காட்டிவிட்டுக் குறடால் நேராக இழுத்தால் வந்துவிடும், முறுக்க வேண்டாம்.

உங்கள் றொட்டில் முறிந்த இடத்துக்கு உள்துண்டு 6 சென்டிமீட்டர், வெளியுறை 10 சென்டிமீட்டர் எடுத்தால் போதும். உள்துண்டு இரண்டு பக்கமும் மும்மூன்று சென்டிமீட்டர் போகும், உறை ஐந்தைந்து மூடும். இப்படி வைத்தால் பலம் படிப்படியாகக் கூடிப் படிப்படியாகக் குறையும், வளைவு ஓரிடத்தில் குவியாது. உள்துண்டை சாண்ட்பேப்பரில் தேய்த்துத் தேய்த்துச் சரிபாருங்கள், அசைவில்லாமல் ஆனால் அமுக்காமல் உள்ளே போக வேண்டும். பலவந்தமாகத் தள்ளினால் குழாய் வெடிக்கும். உறையின் இரண்டு வாயையும் வெளிப்புறமாகத் தேய்த்துக் கூராகச் சரித்துவிடுங்கள். பசை படுகிற எல்லா இடத்தையும் மினுக்கம் போகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பிறகு கை படாமல் வைத்திருங்கள். பசை விடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கை எண்ணெய்தான்.

அரால்டைட் இரண்டையும் சம அளவாக எடுத்து இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். உள்துண்டில் பூசி முதலில் அடித்துண்டுக்குள் பாதி, பிறகு நுனித்துண்டு, இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட வேண்டும். வெளியேயும் பூசி உறையைச் சுழற்றிச் சுழற்றித் தள்ளிக்கொண்டு வாருங்கள். வழிந்ததைத் துடைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடி றொட் நெடுகப் பாருங்கள், கோணல் இருந்தால் இப்போதுதான் திருத்தலாம். இரண்டு கதிரையில் படுக்கை வாட்டில் வைத்து ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

அடுத்த நாள் நூல். உறையின் ஒவ்வொரு வாயிலும், உறையின் மேல் இரண்டு சென்டிமீட்டரும் றொட்டின் மேல் ஒரு சென்டிமீட்டரும் வருகிற மாதிரி நெருக்கமாகச் சுற்ற வேண்டும். நூலின் தொடக்கத்தை அதன் மேலேயே சுற்றி மூடிவிடுங்கள். முடிக்க எட்டுச் சுற்று இருக்கும்போது இன்னொரு நூலை மடித்துக் கண்ணியாக வைத்து அதன் மேல் சுற்றி, கடைசி முனையைக் கண்ணியில் கோத்து இழுத்தால் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், முடிச்சே தேவையில்லை. இந்தச் சுற்று அழகுக்கு இல்லை தம்பி, வளைகிற நேரம் உறையின் வாய் விரியப் பார்க்கும், நூல்தான் அதைப் பிடித்து வைக்கிறது. கழற்றிய வளையங்களையும் இதே மாதிரி கட்டிவிடுங்கள். மேலே எபொக்சி மெல்லிதாக ஒரு பூச்சு, அது இறுகிய பிறகு இன்னொன்று. ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் கீழ்ப்பக்கம் வழிந்து தொங்கும். முதல் இரண்டு மணித்தியாலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை றொட்டை அரைச் சுற்றுத் திருப்பிக்கொண்டிருங்கள். குமிழ் எழும்பினால் லைட்டரைத் தூரத்தில் பிடித்து ஒரு வீச்சு காட்டினால் உடைந்துவிடும்.

நுனி வளையத்துக்கு மட்டும் எபொக்சி வேண்டாம். சூட்டில் உருகுகிற குளூ கன் குச்சியை உருக்கி வைத்து ஒட்டுங்கள், அடுத்த முறை கழற்ற வேண்டி வந்தால் லைட்டர் போதும். ஒட்டும்போது மற்ற வளையங்களோடு ஒரே நேரில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே எல்லா வளையத்துக்குள்ளும் ஒரு துண்டுப் பஞ்சை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு நார் சிக்கினால் அந்த வளையத்தின் உள்ளே வெடிப்பு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்புத்தான் லைனை அறுக்கும். லைன் காரணமில்லாமல் அறுகிறது என்று கடையை ஏசுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

மூன்று நாள் கழித்துச் சோதியுங்கள். லைனில் ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் கட்டி அரை லீட்டர் தண்ணீர் விடுங்கள், றொட்டை 45 பாகைக்கு மேல் நிமிர்த்தாமல் மெதுவாகத் தூக்குங்கள். பிறகு ஒரு லீட்டர், ஒன்றரை. நுனியிலிருந்து பார்த்தால் வளைவு ஒரே ஒழுங்காக இருக்க வேண்டும், ஒட்டிய இடத்தில் தட்டையாகக் கொஞ்சம் தெரியும், அது பரவாயில்லை. முழங்கை மாதிரி மடிந்தால் ஏதோ பிழை. றொட்டின் இரண்டு பகுதியும் சேருகிற பொருத்து வாயிலோ கைப்பிடிக்குச் சற்று மேலேயோ முறிந்த றொட்டுக்கு இந்த வேலையைச் செய்யச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை, அங்கே வருகிற பாரத்துக்கு வீட்டு ஒட்டு தாங்காது. ஒன்றுக்குள் ஒன்று போகிற மடக்கு றொட் என்றால் ஒட்டவே வேண்டாம், அடி மூடியைத் திருகிக் கழற்றினால் துண்டுகள் பின்பக்கமாக வெளியே வரும், அதே அளவிலான பழைய றொட்டின் துண்டைப் போட்டுவிடலாம்.

பாலத்திலேயே முறிந்தால்? நுனியில் ஒரு விரல் நீளம் போனால் குளூ குச்சித் துண்டு, லைட்டர், இரண்டு அளவில் உதிரி நுனி வளையம் பையில் இருந்தால் பத்து நிமிட வேலை. நடுவில் முறிந்தால் றீலைச் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள், முறிந்த கூர் லைனை அறுத்துவிடும். றொட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையால் இழுங்கள். றீலின் பிடியை, அதாவது லைன் நழுவத் தொடங்குகிற இறுக்கத்தை, லைன் தாங்கும் பாரத்தில் நாலில் ஒன்று, அதிகம் போனால் மூன்றில் ஒன்றுக்கு வைத்திருந்தால் அந்த நிலைமை வருவதே குறையும். 9 கிலோ தாங்கும் லைனுக்கு இரண்டரை கிலோ. வீட்டில் மீன் தராசு இருந்தால் கொளுவி இழுத்து அளந்துவிட்டே போங்கள்.

இனி மூன்றாவது கேள்வி. பழைய பாலம் 1924இல் திறந்தது, அப்போதைய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம் என்றார்கள். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன, பழையதில் நின்று தூண்டில் போட எங்களுக்கு இடம் கிடைத்தது. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீட்டர் நீளம், அவ்வளவு தண்ணீரும் கடலோடு கலப்பது வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும்தான். ஆகவே கல்லடியில் மீன் கொத்துவதும் கொத்தாததும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதில் இருக்கிறது. மாரி வெள்ளத்தில் அது உடைக்கும், அல்லது வெட்டிவிடுவார்கள். திறந்திருக்கும் காலத்தில் கடல் ஏற்றமும் வற்றும் (நீர் ஏறுவதும் இறங்குவதும்) பாலத்தடியில் தெரியும், பெரிய ஏற்றம் இல்லை, எங்கள் கரையில் இரண்டடிக்கு மேல் போவது அரிது, ஆனாலும் தூண்களுக்கு இடையில் தண்ணீர் இழுக்கிற இழுவை போதும். ஓடாத தண்ணீர் ஓடத் தொடங்குகிற முதல் ஒரு மணித்தியாலம்தான் என் அனுபவத்தில் நல்ல நேரம். அது ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலப் பிந்தும், ஆகவே நேற்று 10 மணிக்குக் கொத்தியது என்றால் இன்று 11க்குக் கொஞ்சம் முன்னால் தயாராக நில்லுங்கள். அமாவாசை, பூரணையை ஒட்டிய நாட்களில் இழுவை கூட. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் ஏற்றம் வற்றைப் பார்க்கிற வேலையில்லை, பொழுது படுகிற நேரமும் விடியலுக்கு முந்திய நேரமும் தவிர மற்ற நேரம் போய் நித்திரை கொள்ளலாம். பகலில் அடிக்கிற கச்சான் காற்றும் இரவில் அடங்கியிருக்கும்.

இடம் எது என்றால் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோடு. பாலத்து விளக்கு தண்ணீரில் விழுந்தால் சின்ன மீனும் இறாலும் வெளிச்சத்துக்கு வரும். கொடுவா வெளிச்சத்துக்குள் வராது, இருட்டுப் பக்கத்தில் நீரோட்டத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்று, வெளிச்சத்தில் போவதைக் கவனிக்கும். ஆகவே இரையை வெளிச்சத்தில் போட்டு, ஓட்டத்தோடு மெதுவாக இருட்டுக்குள் போக விடுங்கள். உயிர் இறால்தான் முதல் தரமான இரை, தலையில் கறுப்பாகத் தெரிகிற இடத்தைத் தவிர்த்துக் கொம்புக்குக் கீழே கொளுவினால் நெடுநேரம் உயிரோடு துடிக்கும். கொடுவாவின் வாய் அரம் மாதிரி, லைன் முனையில் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்குத் தடித்த தங்கூசி கட்டுங்கள். டோர்ச்சைத் தண்ணீர்ப் பக்கம் அடிக்கவே அடிக்காதீர்கள். கொடுவா இரை எடுக்கும்போது தண்ணீர் மேல் டப் என்று ஒரு சத்தம் வரும், ஒருமுறை கேட்டால் மறக்காது, அந்தச் சத்தம் எந்தத் தூணடியில் வருகிறது என்று பத்து நிமிடம் சும்மா நின்று கேட்டுவிட்டுத்தான் நான் றொட்டையே எடுப்பேன்.

காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதற்கு அந்த வாவியில் வேறு காரணமும் இருக்கிறது. மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று சும்மா சொல்லவில்லை. கோடைக்காலத்துப் பூரணை இரவில், காற்றில்லாத நேரம், தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் அந்த ஒலி கேட்கும், தந்தியை மீட்டிவிட்ட மாதிரி. 1848இல் இங்கே வந்த காலனித்துவச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இதைக் கேட்டிருக்கிறார், ஊரி என்கிற நீர்நத்தைதான் அப்படிக் கூவுகிறது என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். 1950களில் இங்கிருந்த ஒரு யேசு சபைப் பாதிரியார் அதைப் பதிவு செய்து இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பினார்கள். பாலத்தில் மீன் கொத்தாத இரவில் இதையாவது ஒருமுறை போய்க் கேளுங்கள்.

கடைசியாகக் கவனத்துக்கு. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரத்தில் இடி கிளம்பினால் உடனே றொட்டைக் கீழே படுக்க வைத்துவிட்டுப் பாலத்தை விட்டு இறங்குங்கள், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே நின்று வீசுவதும் அதே ஆபத்து. சிக்கிய ஈயத்தை எடுக்க இரவில் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், வாவியில் முதலை இருக்கிறது. கொடுவாவின் செவுள் மூடி பிளேட் மாதிரி வெட்டும், செவுளுக்குள் கை விடாமல் கீழ்த் தாடையைப் பிடியுங்கள். கெளிறு முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருந்தால் கடுப்பு இறங்கும், வீங்கிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரி. பேத்தை மீன் கொத்தினால் தூண்டிலை வெட்டித் தண்ணீரிலேயே விடுங்கள், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. அறுந்த தங்கூசியைப் பாலத்தில் போட்டுவிட்டு வராதீர்கள், கொக்கும் நாரையும் காலில் சிக்கிச் சாகிறதைப் பார்க்க முடியவில்லை. மிகப் பெரிய கொடுவா கிடைத்தால், முடிந்தால் திரும்ப விடுங்கள் என்றும் கேட்பேன். கொடுவா ஆணாக வளரத் தொடங்கிப் பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும், ஆகவே பெரியதெல்லாம் மாரியில் முகத்துவாரப் பக்கம் இறங்கி முட்டையிடுகிற தாய் மீன்கள்.

முறிந்த இரண்டு முனையின் வெளித் தடிப்பையும் உள் ஓட்டையையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள் தம்பி. என்னிடம் பழைய கிளாஸ் பைபர் நுனிகள் நாலைந்து கிடக்கின்றன, உங்கள் அளவுக்கு வருவதைத் தேடி எடுத்து வைக்கிறேன், உறைக்கும் ஒரு துண்டு இருக்கும். சைக்கிள் றிம்மை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், 20 அங்குலச் சின்ன றிம் போதும்.